வீடு தேடி வரும் கார் வாஷ்: வண்டி வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் அந்த விளம்பரம் வந்து நிற்கிறது. குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் சரக்கு வண்டியின் பின்பக்கம் தண்ணீர் டேங்க், பிரஷர் வாஷர், வேக்கம் கிளீனர். ஒரே நிற டி-ஷர்ட் போட்ட இரண்டு பேர் ஒரு காரின் மேல் வெள்ளை நுரையைப் பொழிகிறார்கள். கீழே "கடை வேண்டாம், வாடகை வேண்டாம், மாதம் ஒரு லட்சம்" என்று எழுத்து ஓடுகிறது. மறுபக்கம், 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டது. வளரும் தொழில் என்று ஒருவர் சொல்கிறார், தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் முதலில் இழுத்து மூடப்படும் தொழில் என்று இன்னொருவர் சொல்கிறார். கையில் கொஞ்சம் சேமிப்போடு யோசித்துக்கொண்டிருப்பவர் யார் பேச்சைக் கேட்பது?

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே தொழிலின் நடு நரம்பைத் தொடவில்லை. இந்தத் தொழிலில் விற்கப்படுவது நேரம். ஒரு காரை முடித்து அடுத்த காரின் பக்கத்தில் போய் நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான் லாப நஷ்டத்தைத் தீர்மானிக்கிறது. மெஷினும் வண்டியும் அதற்குப் பிறகுதான். சென்னையை உதாரணமாக வைத்து இதை அடியிலிருந்து பார்க்கலாம்.

ஒரே பெயரில் மூன்று தொழில்

மொபைல் கார் வாஷ் என்று சொல்லப்படுவது உண்மையில் மூன்று வேறு வேலைகள். முதலீடு, ஆள், விலை எல்லாமே வேறு.

1. தினசரி துடைப்பு. விடிகாலையில் வாளியும் துணியுமாக அடுக்ககப் பார்க்கிங்குக்கு வருபவர் செய்வது. கட்டணம் மாதக் கணக்கு. முதலீடு கிட்டத்தட்ட இல்லை. சென்னையில் பல ஆண்டுகளாக யாரும் பெயர் வைக்காமலே நடந்துவரும் தொழில் இதுதான்.

2. வாட்டர் வாஷ். பெட்ரோல் பங்க் பக்கத்தில் கார் ஏற்றும் மேடையோடு இருக்கும் வாட்டர் சர்வீஸ் கடை செய்யும் வேலையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவது. வெளிப்பக்கம் நுரை போட்டுக் கழுவுதல், உள்ளே வேக்கம், டேஷ்போர்டு, கண்ணாடி, டயர். வண்டியின் அடிப்பாகத்தை மட்டும் வீட்டில் செய்ய முடியாது, அதற்கு மேடை வேண்டும்.

3. டீட்டெய்லிங். பெயின்ட் பாலிஷ், வேக்ஸ், சீட் ஷாம்பு, செராமிக் கோட்டிங் வகையறா. ஒரு காருக்கு அரை நாளில் இருந்து இரண்டு நாள் வரை போகும். தூசி இல்லாத, நிழலான, நல்ல வெளிச்சமுள்ள இடம் தேவை. சீட் ஷாம்பு, வேக்ஸ் வரை வீட்டில் செய்யலாம். தெருவோரத்தில் நிறுத்தி செராமிக் கோட்டிங் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் காரைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. அந்தப் பூச்சு காய்வதற்குள் படியும் தூசி அதோடு சேர்ந்தே இறுகிவிடும்.

விளம்பரங்கள் இரண்டாவதன் படத்தைக் காட்டி, மூன்றாவதன் விலையைச் சொல்லி, முதலாவதன் நிலையான மாத வருமானத்தைக் கணக்கில் எழுதுகின்றன. எதைச் செய்யப்போகிறோம் என்று பிரித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் போய்விடும். இனி வருவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றி, ஏனென்றால் கடன் வாங்கிப் பணம் முடக்குவது அதில்தான்.

தண்ணீர்: அளவு ஒரு பக்கம், எடை மறுபக்கம்

ஒரு காருக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்பது முறையைப் பொறுத்தது. தோட்டக் குழாயைத் திறந்தபடி கழுவினால் நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் ஓடும். பத்து நிமிடத்தில் 150 லிட்டர். சிறிய பிரஷர் வாஷர் நிமிடத்துக்கு 6 அல்லது 7 லிட்டர்தான் விடும். விசையை அழுத்தும் நேரத்தை மட்டும் கூட்டினால் ஒரு காருக்கு எட்டு, ஒன்பது நிமிடம்; அதாவது ஏறத்தாழ 60 லிட்டர். பிரஷர் வாஷர் தண்ணீரை வீணாக்குகிறது என்று அடுக்ககக் கூட்டங்களில் எழும் புகார் தவறு. சத்தம் அதிகம், தண்ணீர் குறைவு.

மூன்றாவதாக, ரின்ஸ்லெஸ் முறை. ஒரு வாளியில் எட்டு லிட்டர் தண்ணீர், அதில் சில மில்லி பாலிமர் கலந்த திரவம். அந்தத் திரவம் மண் துகளைச் சூழ்ந்து வழுக்கச் செய்கிறது. மைக்ரோஃபைபர் துணியால் ஒரு போக்கில் துடைத்து எடுத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டியதுதான். மறுபடி அலச வேண்டாம். நகரத் தூசிக்கு இது தாராளமாகப் போதும். ஏரிக்கரை மண்ணில் புரண்டு வந்த காருக்குப் போதாது. முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்கியே ஆக வேண்டும்.

இப்போது எடைக்கு வருவோம். நாளைக்கு எட்டு கார், காருக்கு 60 லிட்டர் என்றால் 480 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. டேங்க், ஜெனரேட்டர், வாஷர், வேக்கம் எல்லாம் சேர்த்து நூறு கிலோவுக்கு மேல். இரண்டு ஆள். மொத்தம் 700 கிலோவைத் தாண்டிவிடும். டாடா ஏஸ் சுமக்கும் பாரமே சுமார் முக்கால் டன்தான். ஆக, வண்டி முதல் நாளிலிருந்தே முழுச் சுமையில் ஓடுகிறது. அதுவும் இந்தச் சுமை அசையும் சுமை. டேங்க் பாதி காலியானதும் திருப்பங்களிலும் பிரேக் போடும்போதும் தண்ணீர் அலம்பி வண்டியை ஒரு பக்கம் தள்ளும். உள்ளே தடுப்புத் தகடுகள் உள்ள டேங்க் வாங்கச் சொல்வது இதனால்தான்.

சிலர் பழைய ஆம்னி வேனில் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு டேங்கை வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது இதைத்தான். சரக்கு வண்டியின் தட்டில் கழற்றக்கூடிய டேங்கைக் கட்டி வைப்பது சுமை. பயணிகள் வண்டிக்குள் வெல்டிங் வைப்பது மாற்றம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளுக்குத் தனி பர்மிட் தேவையில்லை என்பது குட்டி யானை வைத்திருப்பவர்களுக்குச் சாதகமான செய்தி.

இன்னொரு வழி, டேங்க் இல்லாமல் வாடிக்கையாளரின் குழாயையே பயன்படுத்துவது. வண்டியின் சுமை போய்விடும், ஆனால் தண்ணீரின் தரம் அவருடையதாகிவிடும். அதன் விளைவைச் சற்றுப் பொறுத்துப் பார்க்கலாம்.

பெங்களூரு உத்தரவு சொன்னது என்ன

2024 மார்ச் உத்தரவு கார் கழுவுவதைத் தடை செய்யவில்லை. கார் கழுவ, செடிக்கு ஊற்ற, கட்டட வேலைக்கு, நீரூற்றுக்கு எல்லாம் குடிநீரைப் பயன்படுத்துவதைத்தான் தடை செய்தது. முதல் முறை 5,000 ரூபாய். திரும்பச் செய்தால் அதோடு நாளொன்றுக்கு 500. அந்த மாதமே 22 வீடுகளிடம் மொத்தம் 1.1 லட்சம் ரூபாய் வசூலித்ததாகச் செய்தி வந்தது.

சென்னை இதைவிட மோசமான கோடையைப் பார்த்திருக்கிறது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் தரை தெரிய வற்றின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அடுக்ககங்கள் லாரித் தண்ணீருக்குச் சண்டை போட்ட அந்த மாதங்களில் எந்தச் சங்கமும் பார்க்கிங்கில் பிரஷர் வாஷரை விட்டிருக்காது, சட்டம் எதுவும் இல்லாமலே.

இதிலிருந்து தெரிவது: தண்ணீர்த் தட்டுப்பாட்டில் அடிபடுவது கார் துடைக்கும் தொழில் அல்ல, தண்ணீரை நம்பிய முறை. எட்டு லிட்டரில் முடிப்பவருக்கு வறட்சி வாடிக்கையாளரைக் கொண்டுவரும். 60 லிட்டர்காரருக்குக் கேட் மூடும். இரண்டு முறையும் தெரிந்து வைத்திருப்பதுதான் உண்மையான காப்பீடு.

சொந்த போரிலிருந்து (ஆழ்துளைக் கிணறு) டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் நிலத்தடி நீரை எடுப்பதையும் வண்டியில் கொண்டுபோவதையும் ஒழுங்குபடுத்த 1987 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. தண்ணீர் லாரிகளை மனதில் வைத்து வந்த சட்டம்தான். இருந்தாலும் வணிகத்துக்காகத் தண்ணீர் ஏற்றிச் செல்பவர் முன்கூட்டியே சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டரின் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கீறல் எங்கிருந்து வருகிறது

வாடிக்கையாளரை இழப்பதற்கு முதல் காரணம் விலை அல்ல, கீறல். இது எப்படி நேர்கிறது என்று தெரிய, காரின் தோலைப் பார்க்க வேண்டும்.

தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேல் கிளியர் கோட் என்கிற நிறமற்ற பளபளப்புப் படலம். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் பானட்டில் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகத் தெரிகிறதே, அவை எல்லாம் இந்தப் படலத்தில் விழுந்த கோடுகள். பாலிஷ் போட்டு அவற்றை அகற்றுவது என்றால் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவிச் சமப்படுத்துவது என்று பொருள். அதனால் ஒரு காருக்கு ஆயுளில் சில தடவைதான் அப்படிச் செய்ய முடியும்.

தினசரி துடைப்பவரின் வாளியைப் பாருங்கள். முதல் காரின் கதவுக்குக் கீழே டயர் அள்ளி வீசிய மணல் ஒட்டியிருக்கும். துணி அதை எடுத்துக்கொள்கிறது. வாளியில் ஒரு முக்கு, ஒரு பிழி. மணல் பாதி வாளியில், பாதி துணியில். அடுத்த காரின் பானட்டில் அதே துணி வட்டமாகச் சுற்றுகிறது. பதினைந்தாவது காருக்கு வரும்போது வாளித் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும், துணி கிட்டத்தட்ட உப்புத்தாள். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காருக்கு எட்டு, பத்து நிமிடமே கிடைக்கும் கட்டணத்தில் அப்படித்தான் நடக்கும்.

தொழிலாகச் செய்பவர் மாற்ற வேண்டியது மெஷினை அல்ல, துணிப் பழக்கத்தை:

1. ஒரு காருக்குக் குறைந்தது ஆறு மைக்ரோஃபைபர் துணி. நான்காக மடித்தால் ஒரு துணியில் எட்டுப் பக்கம். ஒரு பக்கம் அழுக்கானால் அடுத்ததைத் திருப்ப வேண்டும், அழுக்குப் பக்கத்தை மறுபடி பெயின்ட்டில் வைக்கவே கூடாது.
2. மேலிருந்து கீழே. கூரை, கண்ணாடி, பானட், கதவின் மேல்பாதி, கடைசியாகக் கீழ்ப்பாதி.
3. வீலுக்குத் தனி வாளி, தனி துணி, தனி நிறம். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அங்கேதான் சேர்கிறது.
4. துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும். துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. அது இழைகளில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது பகை உப்புக் கறை. குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு நீரே இல்லாவிட்டால் 600 வரை. சென்னையில் பல போர்களின் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதை அங்குள்ள பாத்ரூம் குழாய்களின் வெள்ளைப் பூச்சே சொல்லிவிடும். அந்தத் தண்ணீரை வெயிலில் கார் மேல் காயவிட்டால், நீர் போய்விடும், கால்சியம் வட்டங்களாக நிற்கும். சூடான பானட்டில் அது கிளியர் கோட்டையே அரிக்கும். எனவே வாடிக்கையாளரின் குழாயை நம்புபவர் நிழலில் வேலை செய்ய வேண்டும், ஒவ்வொரு பகுதியாகக் கழுவி உடனே உலர்த்த வேண்டும். நல்ல தண்ணீர் இருபது லிட்டராவது கொண்டுபோய்க் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஷாம்பு விஷயத்தில் ஒரே வரி: பாத்திரம் தேய்க்கும் திரவமும், வீல் பளிச்சென்று ஆக வேண்டும் என்று ஊற்றும் ஆசிட்டும் வேண்டாம். இரண்டும் விலை குறைவு, பழி அதிகம். டயர் பாலிஷை டயரின் பக்கவாட்டில் மட்டும் பூச வேண்டும். ரோட்டைத் தொடும் பக்கத்திலோ பிரேக் டிஸ்க்கிலோ பட்டால் அது உயிர் விஷயம்.

ஒரு நாள் கணக்கு

இங்கே வரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் பகுதியின் விலையை, சம்பளத்தைப் போட்டு நீங்களே மாற்றிப் பார்க்கலாம். விகிதம்தான் முக்கியம்.

வண்டி, உபகரணங்களுக்கு 6 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு. மாதத் தவணை சுமார் 12,750 ரூபாய். மாதம் 26 நாள் வேலை என்றால் நாளைக்கு 490.

1. சிதறிய புக்கிங். காலை அண்ணா நகர், பிறகு போரூர், மதியம் வேளச்சேரி. கழுவ ஒரு மணி நேரம், குழாய் விரித்துச் சுருட்டக் கால் மணி, பயணம் முக்கால் மணி. காருக்கு இரண்டு மணி நேரம். பத்து மணி நேர நாளில் ஐந்து கார், தலைக்கு 500, வரவு 2,500. இரண்டு ஆள் சம்பளம் 1,600, எரிபொருள் 300, ஷாம்பு வகையறா 200, தவணை 490. செலவு 2,590. நாள் முழுக்க உழைத்து 90 ரூபாய் நஷ்டம்.

2. ஒரே வளாகம். குழாய் ஒரே தடவை விரித்தால் போதும், அடுத்த கார் பத்தடியில். அதே நாளில் எட்டு கார். விலையை 450ஆகக் குறைத்தாலும் வரவு 3,600. சம்பளம் 1,600, எரிபொருள் 80, ஷாம்பு 320, தவணை 490; செலவு 2,490. மிச்சம் 1,110.

3. ஸ்கூட்டரில் ஒருவர். வாளிகள், ரின்ஸ்லெஸ் திரவம், துணி மூட்டை, கையடக்க வேக்கம். ஒரே வளாகத்தில் ஆறு கார், தலைக்கு 350, வரவு 2,100. திரவம், துணித் தேய்மானம் 360, பெட்ரோல் 60. மிச்சம் 1,680, கடன் இல்லை.

மூன்றாவதில் அவருடைய சொந்த உழைப்பும் அடங்கியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அதை 800 என்று கழித்தால் தொழிலின் லாபம் 880தான். இரண்டாவதிலும் முதலாளி ஒரு ஆளாக இறங்கி வேலை செய்தால் அவர் கைக்கு வருவது 1,910. இப்போது ஒப்பிடுங்கள்: 1,910க்கும் 1,680க்கும் வித்தியாசம் 230 ரூபாய். இந்த 230க்காக 6 லட்சம் கடன்.

அப்படியானால் வண்டியே வேண்டாமா? வண்டி பயன்படும் இடம் வேறு. தெருவோர வீடுகள், அலுவலக வளாகத்தில் நிற்கும் வாடகைக் கார்கள், பள்ளி வேன்கள். இங்கெல்லாம் அழுக்கு கனம், வாளியால் ஆகாது. முப்பது டாக்ஸி வைத்திருக்கும் ஒரு டிராவல்ஸ் வாரம் இரண்டு முறை கழுவ ஒப்பந்தம் தந்தால் வண்டியின் தவணை தானாக அடைபடும். அந்த ஒப்பந்தம் கையில் வந்த பிறகு வண்டி வாங்குபவருக்கும், வண்டி வாங்கிவிட்டு ஒப்பந்தம் தேடுபவருக்கும் உள்ள தூரம் பெரிது.

மெஷின் வாங்கும்போது ஒரு கேள்வி கேட்டால் போதும்: மோட்டார் கார்பன் பிரஷ் வகையா, இண்டக்‌ஷன் வகையா? வீட்டு உபயோகத்துக்கான விலை குறைந்தவை பெரும்பாலும் பிரஷ் வகை. வாரம் ஒரு கார் கழுவலாம். நாளைக்கு எட்டு என்றால் சூடேறிச் சில மாதங்களில் படுத்துவிடும்.

கேட்டைத் திறப்பவர் யார்

ஒரே வளாகம்தான் லாபம் என்றால், அந்த வளாகத்துக்குள் நுழைவதுதான் தொழிலின் மூலதனம். கார் உரிமையாளர் கூப்பிட்டால் போதாது. குடியிருப்போர் சங்கம் ஒப்ப வேண்டும், செக்யூரிட்டி விட வேண்டும். சங்கங்கள் எழுப்பும் ஆட்சேபம் பெரும்பாலும் நான்கு.

1. தண்ணீர் எங்கே போகும்? இதற்குப் பதில் தெரியாமல் போகக் கூடாது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பார்க்கிங் தரையின் வடிகால் பல வளாகங்களில் நேராக அந்தச் சேகரிப்புக் குழிக்குத்தான் போகிறது. சோப்பும் கிரீஸும் கலந்த தண்ணீர் அங்கே இறங்கினால் அவர்களுடைய போர் தண்ணீரிலேயே வந்து சேரும். மாசுப் பொருளை வடிகாலிலோ நிலத்திலோ விடுவதை 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. கழிவுநீர்க் குழாயோடு இணைந்த இடத்தைக் காட்டச் சொல்லி அங்கே மட்டும் கழுவுவது, அல்லது தண்ணீரே வழியாத ரின்ஸ்லெஸ் முறை, இரண்டில் ஒன்று.

2. கரன்ட். பொது மீட்டரில் மெஷினைச் செருகினால் சண்டைதான். ஜெனரேட்டர் வைத்தால் சத்தம். பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் பம்ப் நடுவழி. அழுத்தம் குறைவு, தூசிக்குப் போதும். பொது பிளக்கைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமானால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்திய நீட்டிப்புப் பெட்டி இல்லாமல் ஈரத் தரையில் மெஷினைத் தொடக் கூடாது.

3. ஆட்களின் அடையாளம். ஆதார் நகல், புகைப்படம், வேலை நேரம் எழுதிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

4. ஏற்கெனவே துடைப்பவர். யாரும் வெளியே சொல்லாத ஆட்சேபம் இதுதான். அவர் பல வருடமாக அங்கே வருகிறார், செக்யூரிட்டிக்கு வேண்டியவர், ஒருவேளை செக்யூரிட்டியே அவர்தான். அவரைத் துரத்தி உள்ளே நுழைய நினைப்பவர்கள் தோற்றுப்போகிறார்கள், தோற்கவும் வேண்டும். எந்தக் கார் யாருடையது, யார் காசை மறுபேச்சில்லாமல் கொடுப்பார், யார் மூன்று மாதம் இழுப்பார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தினசரி துடைப்பை அவரிடமே விட்டுவிட்டு, மாதம் இருமுறை முழு வாஷை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு காருக்கும் அவருக்கு ஒரு பங்கு கொடுத்தால் கேட் பிரச்சினை பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். நல்ல துணியும் பழக்கமும் அவருக்கும் கொடுத்தால் கார்களும் பிழைக்கும்.

வேலை தொடங்கும் முன் காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது கட்டாயம். "இந்தக் கீறல் நேத்து இல்லையே" என்ற பேச்சுக்கு வேறு பதில் கிடையாது.

பதிவு, வரி, கடன்

இந்தப் பகுதியில் பயப்பட அதிகமில்லை.

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. தாண்டினால் கார் கழுவும் சேவைக்கு 18 சதவீதம். 50 லட்சம் வரை வரவுள்ள சிறு சேவையாளர்கள் 6 சதவீதம் கட்டும் இணக்க முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அந்த வரியை வாடிக்கையாளர் பில்லில் தனியாக வசூலிக்க முடியாது. டிராவல்ஸ், நிறுவனம் போன்றவர்கள் ஜிஎஸ்டி பில் கேட்பார்கள் என்பதால், அவர்களைக் குறிவைப்பவர் இதை முன்பே யோசிக்க வேண்டும்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இணையதளங்கள் அரசுடையவை அல்ல. சிறு தொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடனில் சிஷு பிரிவு 50,000 ரூபாய் வரை, கிஷோர் 5 லட்சம் வரை. ஸ்கூட்டர் ஏற்கெனவே இருந்தால், மேலே சொன்ன மூன்றாவது முறைக்கான எல்லாச் சாமானும் சிஷு வரம்புக்குள் அடங்கிவிடும்.

மழை மாதங்கள்

ஆண்டில் இந்தத் தொழிலின் உச்சம் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம். சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன் எல்லாக் காரும் குளித்தாக வேண்டும். அந்த வாரத்து வரவைப் பார்த்து ஆள் சேர்ப்பவர்கள் அடுத்த சில வாரங்களில் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் தொடங்குகிறது. மழை பெய்யும்போது யாரும் கார் கழுவக் கூப்பிடுவதில்லை. நவம்பரில் 14 நாள்தான் வேலை நடந்தது என்றால், அதே 12,750 தவணை நாளைக்கு 910 ரூபாயாகிறது. ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்காவிட்டால் டிசம்பரில் அவர்கள் வேறிடம் போய்விடுவார்கள்.

இதற்கு மாற்று, அந்த மாதங்களுக்கான வேலையைத் தனியாக வைத்திருப்பது. ஈரக் காலணியால் ஊறிப்போன ஃப்ளோர் மேட், பூஞ்சை நாற்றம், கண்ணாடியில் எண்ணெய்ப் படலம், மங்கிய ஹெட்லைட். எல்லாமே மூடிய பார்க்கிங்குக்குள் செய்யக்கூடியவை, எல்லாமே மழையில் உறுத்துபவை. மாதக் கட்டணத் திட்டத்தில் வாடிக்கையாளரைச் சேர்ப்பவர்கள் மழை மாதத்தில் ஒரு வெளிப்புற வாஷுக்குப் பதில் உள்பக்க வேலை என்று முதலிலேயே எழுதிக்கொடுத்துவிடலாம்.

ஃபிரான்சைஸ் விளம்பரத்தை வாசிப்பது

அந்த இன்ஸ்டாகிராம் விளம்பரம் போன்றவை பெரும்பாலும் ஃபிரான்சைஸ், அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு தங்கள் பெயரில் நம்மைத் தொழில் நடத்த விடுவது. இத்தனைக்கும் பிறகு அதற்குத் திரும்பினால், கேட்க வேண்டியவை தாமே தெரியும்.

1. மாதம் ஒரு லட்சம் என்பது வரவா, மிச்சமா? நாளைக்கு எத்தனை கார் என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள், கார்களுக்கு இடையே எத்தனை நிமிடப் பயணம்?
2. புக்கிங்கை அவர்கள் தருகிறார்களா, நாமே பிடிக்க வேண்டுமா? நாமே பிடிப்பதென்றால் மாதாமாதம் ராயல்டி (அவர்கள் பெயருக்கான கட்டணம்) எதற்கு?
3. கொடுக்கும் மெஷின், ஷாம்பு ஆகியவற்றின் கடை விலை என்ன? ஷாம்புவை அவர்களிடமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா?
4. தொழிலை விட்டுவிட்டால் எவ்வளவு திரும்பும்? வண்டியில் ஒட்டிய அவர்கள் பெயரை எடுத்த பிறகு அதை எவ்வளவுக்கு விற்கலாம்?
5. எல்லை எது? "தென்சென்னை முழுக்க உங்களுக்குத்தான்" என்பது சலுகை போலக் கேட்கும். அடையாறிலிருந்து தாம்பரம் வரை ஓடி ஓடி ஐந்து கார் கழுவும் உரிமை அது. சோழிங்கநல்லூரில் 300 வீடுள்ள ஒரே குடியிருப்பின் சங்கக் கடிதம், எந்தக் கட்டணமும் இல்லாமல் வாங்கக்கூடியது, அதைவிட மதிப்பு அதிகம்.